பசி வரும்வரை எழுதியது

என்றும் என் மரியாதைக்குரிய பெரியக்காவுக்கு, உங்கள் தம்பி மனைவி பணிவுடன் எழுதிக்கொள்வது. ஆண்டவன் கருணையில் இங்கே இருவரும் நலம், அதாவது உங்கள் தம்பி நலம், நான் விசாரணையில் இருக்கிறேன். உங்கள் ரத்த அழுத்தம் இறங்கியதா, அண்ணாவுக்குப் புதுக் கண்ணாடி பழகிவிட்டதா என்று எழுதவும். தினமும் உங்கள் இருவர் பெயரையும் சொல்லித்தான் பிரார்த்தனையை முடிக்கிறேன். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். போன் என்றால் நீங்கள் பேசுவீர்கள், நான் கேட்பேன். ஆகையால் கடிதம்.

காலையிலிருந்து நான் பசிக்காகக் காத்திருக்கிறேன். குழாய் ரிப்பேர்காரர் இதோ வருகிறேன் என்று சொன்ன நாளில் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்போமே, அப்படி. துணி மடித்தாயிற்று, மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாயிற்று. எழுத உட்கார்ந்த பிறகும் மூன்று முறை எழுந்து போய் வந்துவிட்டேன், அதுவும் இந்த முழங்காலோடு. ஏன் இந்தக் கதி என்று கேட்பீர்கள். அதற்கு நீங்களும் ஒரு காரணம் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

என் வலது முழங்காலை உங்களுக்குத் தெரியும், உட்கார்ந்தால் எழ விடாது, எழுந்தால் உட்கார விடாது. மகளுக்கு இது ஆறாம் மாதம். அவள் இருப்பது நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பிள்ளை பிறந்ததும் நான் போய் அவளோடு இருக்க வேண்டும். அவள் மாமியார் அதே கட்டடத்தில் மூன்றாவது மாடியில் இருக்கிறார், நான் ஏறாவிட்டால் அவர் ஏறுவார், இதற்கு மேல் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று எலும்பு டாக்டரிடம் போனால், "நாலு கிலோ இறங்காம நான் கத்தியைத் தொட மாட்டேம்மா, புது மூட்டு பாவம்" என்றார். என்னைப் பாவம் என்று சொல்லவில்லை, இன்னும் பொருத்தாத மூட்டைச் சொன்னார். அங்கே சாப்பாட்டு ஆலோசனை சொல்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள், நம் மகள் வயதுதான். மாவுச்சத்தைக் குறைக்க வேண்டும் என்று சோறு, ரொட்டி, கிழங்கு, சர்க்கரை எல்லாவற்றையும் ஒரே கோடாக அடித்துவிட்டு, முட்டை, மீன், கோழி, காய், வெண்ணெய் என்று எழுதிக் கொடுத்தாள். எவ்வளவு என்று கேட்பதற்குள் அடுத்த ஆள் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் கேட்காமல் வந்த அந்த "எவ்வளவு"தான் எங்கள் வீட்டை இரண்டாக்கியது.

நீங்களும் இதே முறையில் இளைத்தவராயிற்றே என்று உங்களைக் கேட்டேன். "ஒவ்வொரு கலோரியா எண்ணிச் சாப்பிடு, எழுதி வை, உனக்கு அதான் சரி" என்றீர்கள். மறுநாள் உங்கள் தம்பி, "நீ மட்டும் எதுக்குத் தனியா கஷ்டப்படணும், நானும் சேர்றேன்" என்று பெரிய மனதோடு சேர்ந்துகொண்டு அவரும் உங்களைக் கேட்டார். அவரிடம், "எண்ணாதடா. பசிச்சா சாப்பிடு, அடங்கினா எந்திரி, வயிறு பொய் சொல்லாது" என்றீர்களாம். அக்கா, ஒரே வீடு, ஒரே அடுப்பு, சொல்கிறவரும் ஒருவரே, சட்டம் மட்டும் இரண்டு. அவருக்கு எண்ண வராது, எனக்கு எண்ணாமல் இருக்க வராது என்று தெரிந்துதான் சொல்லியிருப்பீர்கள் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன்.

அவர் சாப்பிடுகிற அழகை நீங்கள் பார்க்க வேண்டும். தட்டை முன்னால் வைத்ததும் கண்ணை மூடிக்கொள்வார். இத்தனை வருஷத்துக்குப் பிறகாவது பிரார்த்தனை செய்யத் தோன்றியதே என்று முதல் நாள் எனக்குக் கண் கலங்கிவிட்டது. "ஷ், உள்ள கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றார். பாதி மீன் போனதும் மறுபடி கண்ணை மூடினார்.

"போதுங்குது."

"யாரு?"

"இதான்" என்று வயிற்றைத் தட்டிக் காட்டிவிட்டு எழுந்து போய்விட்டார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வயிறு போதும் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அக்கா சொன்னால்தான் அதுவும் கேட்கும் போலிருக்கிறது. பேன்ட் நழுவ ஆரம்பித்தது. பெல்ட்டில் ஆணியால் ஓர் ஓட்டை போட்டார், கொஞ்ச நாளில் பக்கத்தில் இன்னொன்று. பேன்ட்டைப் பிடித்துக் கொடுத்த தையல்காரர், "சார், வெட்டின துணியில பிறக்கப்போற பேரப்பிள்ளைக்கு ஒரு டவுசர் தேறும்" என்றாராம். பஸ் டிப்போவில் நேரம் குறிக்கிற வேலையில் இருப்பவர், வருகிற டிரைவர் போகிற டிரைவர் எல்லோரிடமும் அதைச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து எனக்கும் சொன்னார்.

நான் என் வழியில் போனேன். பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காதவள், கணக்குப் பதிவதை நூலகத்துப் புத்தகத்தைப் பார்த்து நானே கற்றுக்கொண்டவள் என்பதும், ஒரு தீப்பெட்டிகூட எழுத்தில் ஏறாமல் என் அடுப்படிக்குள் ஏறியதில்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். கலோரியையும் அப்படியே நடத்தினேன். சமையல் தராசும் ஒரு நோட்டும் வாங்கினேன். ஒரு கிண்ணத்தில் இருக்கிற இரண்டு முட்டை ஒரே எடை இல்லை அக்கா, கோழிகளிடம் ஒழுங்கே கிடையாது. வெண்ணெயை நிறுத்து, கத்தியில் ஒட்டியதை வழித்து அதையும் நிறுத்தேன். முதலில் நிறுவை, அடுத்து பிரார்த்தனை, பிறகுதான் வாய். ஆண்டவனும் பாவம், தினமும் ஆறிப்போன முட்டையைத்தான் ஆசீர்வதித்தார்.

எடையோ ஏறிக்கொண்டே போனது. எனக்கு மெஷின் மேல் சந்தேகம். குளியலறையிலிருந்து கூடத்துக்கு மாற்றினேன், கூடியது. படுக்கையறையில் இன்னும் கூடியது. வாசல் கதவோரம் தரை லேசாகச் சரிந்திருக்கும், அங்கே வைத்தால் ஒரு கிலோ குறைத்துக் காட்டியது. அதையே நிரந்தர இடமாக்கி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழ்வீட்டு டீச்சர் மேலே வந்து, "வீடு மாத்துறீங்களாங்க, தினமும் ஏதோ நகருதே" என்றார். "இல்லைங்க, எடை பாக்கிறேன்" என்றேன். "அவ்வளவா?" என்று கேட்டார். அதோடு அவரிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். இந்த வைத்தியத்தில் நான் குறைத்தது அது ஒன்றுதான்.

நேற்று ஆஸ்பத்திரியில் நிறுத்துப் பார்த்தார்கள். நாலு இறங்க வேண்டிய இடத்தில் இரண்டு ஏறியிருக்கிறது. துணைக்கு வந்த உங்கள் தம்பி சும்மா வேடிக்கைக்கு ஏறி நின்றார், ஐந்து இறங்கியிருக்கிறது. டாக்டர் அவர் முதுகில் தட்டி, "உங்களுக்குன்னா நாளைக்கே ஆபரேஷன் பண்ணிடலாம்" என்றார். அவர் முட்டியில் ஒரு குறையும் இல்லை. அந்த ஆலோசனைப் பெண் என் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "எல்லாம் அளவாத்தானேம்மா இருக்கு" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். பிறகு திடீரென்று, "சார் தட்டுல மிச்சம் வைப்பாரா?" என்று கேட்டாள்.

"பாதி வைப்பார்."

"அதை என்ன பண்ணுவீங்க?"

"வீணாக்க மாட்டேன்மா. நான் சாப்பிட்டுட்டு மீட்புன்னு வரவுல வெச்சிடுவேன்."

"வரவுலயா?"

"குப்பைக்குப் போக இருந்ததக் காப்பாத்தினா அது வரவுதானே. அதைச் செலவுலேருந்து கழிச்சா சாயங்காலம் கொஞ்சம் பாக்கி நிக்கும். அந்தப் பாக்கிக்குக் கொஞ்சம் பாதாம், ஒரு துண்டு சீஸ்."

அவள் பேனா மூடியைக் கடித்தாள். "அப்ப சாரோட மிச்சத்தையும் சாப்பிட்டுட்டு, சாப்பிட்டதுக்குப் பரிசா இன்னொரு தடவையும் சாப்பிடுறீங்க."

"பரிசில்லம்மா, பாக்கி" என்றேன். உங்கள் தம்பி அந்த நேரம் பார்த்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முகம் தெரியவில்லை, தோள் குலுங்கியது தெரிந்தது.

அதற்குப் பிறகு அவள் கேட்டதுதான் அக்கா இன்னும் காதில் இருக்கிறது. "உங்களுக்கு எப்பம்மா பசிக்கும்?" என்றாள். அவர் சாப்பிட்டு எழுந்ததும் என்று சொன்னேன். "அது நேரம்மா. பசி எப்ப வரும்?" என்றாள். அவர் டிப்போவுக்குப் போன பிறகு, முன்பெல்லாம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, விருந்தாளி வந்தால் அவர்கள் கை கழுவிய பிறகு சாப்பிடுவேன். பாத்திரத்தில் நிற்கிறது என் அளவு, அது நிற்கிற நேரம் என் பசி. அதைத் தவிர தனியாக ஒன்று வரும் என்று யாரும் சொன்னதில்லை, நானும் தேடியதில்லை. மனக்குறையாக எழுதவில்லை அக்கா, என் கணக்கில் அப்படி ஒரு தலைப்பே இல்லை என்றுதான் சொல்கிறேன். அவள் முடிவாகச் சொல்லிவிட்டாள். நோட்டு வேண்டாம், தராசு வேண்டாம், பசித்தால் மட்டும் சாப்பிட வேண்டும், அடங்கினால் நிறுத்த வேண்டும், அவர் தட்டைத் தொடவே கூடாது. டாக்டரும், அடுத்த மாதம் எடை இறங்காவிட்டால் ஆபரேஷன் பிள்ளை பிறந்த பிறகுதான் என்று சொல்லிவிட்டார். மூன்றாவது மாடியில் அந்த அம்மாள் இப்போதே ஏறிப் பழகிக்கொண்டிருப்பார்.

இன்று அந்தப் புதுச் சட்டத்தின் முதல் நாள். காலையில் அவர் வைத்துவிட்டுப் போன அரை முட்டை மேஜையில் தட்டுப் போட்டு மூடியிருக்கிறது. நான் அதைப் பார்க்காமல் இருப்பதற்காகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து எழுதுகிறேன், ஆனாலும் அது இருக்கிற பக்கம் முதுகுக்குத் தெரிகிறது. சற்று முன் ஒரு சத்தம் கேட்டது, வந்துவிட்டது என்று ஆவலாக எழுந்தேன். அது ஃபிரிட்ஜ். வந்தால் எப்படி இருக்கும், முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருமா, நாம் கவனிக்காவிட்டால் போய்விடுமா, ஒன்றும் தெரியவில்லை. எண் என்றால் கையில் ஒரு பிடி இருக்கிறது. முகம் தெரியாத ஒரு ஆளை நம்பி வீட்டுச் சாவியைக் கொடு என்றால் எப்படிக் கொடுப்பேன். ஆண்டவனையும் நான் பார்த்ததில்லைதான், ஆனால் அவரோடு தினமும் பேச்சுவார்த்தை உண்டு.

ஆகையால் அக்கா, நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். எண்ணுவதுதான் சரி, நீ எண்ணு என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள், அந்தப் பெண்ணிடம் காட்டிக்கொள்கிறேன். மீட்பை வரவிலிருந்து செலவுக்கு மாற்றிவிடுகிறேன், தவறு அந்த ஒரு பத்தியில்தானே தவிர எண்ணியதில் இல்லை. உங்கள் தம்பியிடமும், தட்டில் மிச்சம் வைக்காதே, வயிற்றைக் கேட்பதை நிறுத்து என்று கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்லவும். அண்ணாவுக்கு என் வணக்கம். உங்கள் இருவர் உடம்பும் மனமும் குறைவில்லாமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன், குறைய வேண்டியது இங்கேதான்.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்கும் பசிக்கும் காத்திருக்கும்,
தம்பி மனைவி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் வந்துவிட்டது அக்கா. நெஞ்சுக்குழிக்குக் கீழே யாரோ தயங்கித் தயங்கிக் கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது, பிறகு தயக்கமே இல்லை. அவரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து நின்றார். "இருங்க, எனக்குப் பசிக்குது" என்றேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்றுவிட்டார். மீனைப் பொரித்து, இறக்கிய சூட்டில் முதல் ஆளாக உட்கார்ந்து சாப்பிட்டேன். மீன் அப்படி இருக்கும் என்று இத்தனை நாள் நீங்கள் யாரும் எனக்குச் சொல்லவே இல்லை. பாதியில் கண்ணை மூடினேன். "என்ன, பிரார்த்தனையா?" என்றார். "ஷ், உள்ள கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றேன். போதும் என்றது, எழுந்துவிட்டேன். கை கழுவித் திரும்பி வந்து பார்த்தால், அவர் பங்கை முடித்துவிட்டு என் தட்டில் இருந்த பாதி மீனையும், காலையில் மூடி வைத்த முட்டையையும் காலி செய்துகொண்டிருக்கிறார். "வீணாப் போகலாமா?" என்கிறார். ஆகவே மேலே கேட்டதையெல்லாம் அடித்துவிடவும். எனக்குக் கணக்கு வேண்டாம். உங்கள் தம்பிக்கு உடனே போன் போட்டு, எண்ணிச் சாப்பிடச் சொல்லவும். என் தட்டையும் சேர்த்து அவரே கழுவினார். அதை வரவில் எழுதலாம் என்று தேடினால், நோட்டை ஏற்கெனவே அவரிடம் கொடுத்துவிட்டேன்.