ஈரப் போர்வையும் ஒரு மஞ்சள் கோடும்

கார் கம்பெனியில் வேலை பார்ப்பவன் வீட்டில் எது பழுதானாலும் மெக்கானிக்கைக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட அவன் விட மாட்டான். ஒரகடத்தில் நாள் முழுக்க ஒரே போல்ட்டை முடுக்குகிறவனுக்கு, உலகத்து போல்ட்டெல்லாம் தனக்குக் கட்டுப்பட்டவை என்று ஒரு நினைப்பு வந்துவிடும். அந்த நினைப்போடுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஸ்பானரை எடுத்துக்கொண்டு டிவி டிஷ்ஷைத் திருப்ப மொட்டை மாடிக்கு ஏறினேன். இறங்கியபோது மண்ணூரில் எங்கள் தெருவுக்கே என் யோக்கியதை தெரிந்துபோயிருந்தது.

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருடம். தென்காசிப் பக்கத்திலிருந்து செல்வியைக் கூட்டிவந்து, மேரியக்கா வீட்டு மாடிப் போர்ஷனில் குடிவைத்திருந்தேன். ஏழாவது மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. மாமியார் வந்து கொஞ்ச நாள் கூட இருந்துவிட்டு ஊருக்குப் போனார். அதன்பிறகு செல்வி பேசுவதே நின்றுபோனது. ‘சாப்பாடு எடுத்து வைக்கட்டா’, ‘பஸ்ஸுக்கு நேரமாச்சு’, அவ்வளவுதான். ஆனால் நான் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போதே டிவியைப் போட்டுவிடுவாள். பார்க்கவும் மாட்டாள். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள், டிவி அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

ஒருநாள் அவளே சொன்னாள்: “அந்தச் சத்தம் இல்லாட்டா இந்த வீட்டுல என்னால தனியா இருக்க முடியாதுங்க. அம்மாட்டயே போயிருதேன்.”

போனால் திரும்பி வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அதனால் அந்த ஞாயிறு படம் கட்டம் கட்டமாக உடைந்து, சிக்னல் இல்லை என்று டிவி நின்றதும் ஸ்பானரைத் தேடினேன். மறுநாள் எனக்கு முதல் ஷிஃப்ட். செல்வி பீரோ மேலிருந்த பையை இறக்கித் தூசி தட்டினாள்.

“ஒரு அரை மணி நேரம் குடு. ரூட் காஸ் என்னன்னு பாத்து முடிச்சிருதேன்” என்றேன். (பெண்டாட்டி ஊரைவிட்டுப் போகப் போகிறாள், இவன் கம்பெனி பாஷையில் ரூட் காஸ், அதாவது மூல காரணம் தேடுகிறான். இப்போது நினைத்தால் எனக்கே என்னை அறையத் தோன்றுகிறது.)

மாடியில் மேரியக்கா போர்வை, ஜமுக்காளம் எல்லாவற்றையும் துவைத்துக் காயப் போட்டிருந்தார். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கொடிக்கயிற்றின் ஒரு நுனியை டிஷ் நிற்கும் கம்பியிலேயே கட்டியிருந்தார். அதைப் பார்த்தேன். முடிச்சு நன்றாக விழுந்திருக்கிறது என்று மெச்சக்கூடச் செய்தேன். கனம் தாங்காமல் கம்பி சாய்ந்து நின்றது மட்டும் என் கண்ணில் படவில்லை.

செல்வியிடம் டிவி சத்தத்தை முழுக்க வைக்கச் சொல்லியிருந்தேன். டிஷ்ஷை ஒரு இழை திருப்பிவிட்டுக் குரல் கொடுத்தேன்.

“வந்துட்டா?”

கீழே ஏதோ முனகல்.

“கேக்கல! வந்துட்டா இல்லையா?”

மறுபடியும் முனகல். வெயில் மண்டையைப் பிளந்தது. ஈரப் போர்வை வேறு காற்றில் முகத்தில் அறைந்தது. எரிச்சலில் கத்தினேன்: “வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? சத்தமாச் சொன்னா என்ன?”

பிறகு வந்தது பாருங்கள் ஒரு சத்தம்.

“வரலன்னு சொல்லுதேம்லா! இப்ப மட்டும் சத்தமாச் சொல்லணுமோ? அன்னைக்கு வயிறு வலிக்குன்னு போன்ல கத்துனேனே, அது கேட்டுச்சா? ஓவர்டைம் முடிச்சிட்டு வாரேன்னுதான சொன்னீங்க! தனியா ஆட்டோல போனேன். எல்லாம் முடிஞ்சப்புறம் யூனிஃபார்மோட வந்து நின்னீங்க!”

தெருவில் டீக்கடையில் நின்ற பையன்கள் எல்லோரும் தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தார்கள். பாதிப் பேர் எங்கள் கம்பெனி. டிஷ்ஷைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். ஒளிந்துகொள்ள அந்த மாடியில் வேறு ஒன்றும் இல்லை. அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இறங்கிப் போய்விடலாம் என்று படியைப் பார்த்தால், அங்கே மேரியக்கா வாளியோடு நின்றிருந்தார்.

“கம்முனு நில்லு தம்பி. எவ்ளோ நாளா மன்சுல வச்சிகினு கீது. அது பேசட்டும்.”

நின்றேன். நான் கட்டிப் பிடித்திருந்ததில் டிஷ் கொஞ்சம் நகர்ந்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துப் படம் வந்தது. ஏதோ காமெடி நிகழ்ச்சி. நூறு பேர் சேர்ந்து சிரிக்கிற சத்தம், முழு வால்யூமில், தெருவெல்லாம் கேட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? போல்ட்டை இறுக்கினேன். சட்டைப் பையிலிருந்த மார்க்கரை எடுத்து மஞ்சளாக ஒரு கோடும் போட்டேன். எங்கள் லைனில் முடுக்கிய போல்ட்டுக்கெல்லாம் அப்படிக் கோடு போடுவோம். கோடு விழுந்தால் ஓகே, பிறகு யாரும் தொடக்கூடாது. அழ வேண்டிய இடத்தில் கோடு போட்டுவிட்டு இறங்கி வந்தவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சாயங்காலம் படம் மறுபடி போய்விட்டது. கேபிளைக் கழற்றினேன், பாக்ஸைத் திறந்தேன், டிவியைத் தட்டினேன். டிஷ்ஷை மட்டும் தொடவில்லை. அதுதான் மஞ்சள் கோடு போட்டாயிற்றே! பாக்ஸின் திருகாணிகளைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு விழித்தபோது மேரியக்கா, காய்ந்த போர்வைகளைத் தோளில் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

“இன்னா தம்பி, துணிய எட்த்தவொடனே உன் டிஷ்ஷு மேல எகிறிகினு போச்சே?”

அப்போதுதான் உறைத்தது. ஈரத் துணியின் கனத்துக்கு ஏற்றபடி டிஷ்ஷைத் திருப்பி இறுக்கியிருக்கிறேன். காலையில் கை வைக்காமல் சும்மா இருந்திருந்தால், துணி காய்ந்ததும் படம் தானாகவே வந்திருக்கும்.

தரையில் உட்கார்ந்தபடியே செல்வியிடம் சொன்னேன்: “நீ அம்மாட்டப் போ. காலையில லீவு சொல்லிட்டு நானே பஸ் ஏத்தி விடுதேன். என்னால இதக்கூட ஒழுங்காச் செய்ய முடியல.”

அவள் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “டிவி போனாப் போகுது. நாளைக்கு ஓவர்டைம் பாக்காம வீட்டுக்கு வருவீங்களா?”

“வருவேன்.”

வந்தேன். அவளும் போகவில்லை.

இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷம் என்றாலும் இந்தக் கதை உண்டு. செல்விதான் சொல்வாள், அபிநயத்தோடு. ஈரப் போர்வைக்கு என் மாமியார் கண்ணில் நீர் வரச் சிரிப்பார். மஞ்சள் கோட்டுக்குப் பந்தியே சிரிக்கும். “நீ கீழே இருந்து என்னடி கத்துன?” என்று யாராவது கேட்டால், “என்னமோ கத்துனேன், இப்ப ஞாபகமில்ல” என்று சொல்லிவிட்டு இலையில் எனக்கு இன்னொரு வடை வைப்பாள். எனக்கு ஒரு வார்த்தை விடாமல் ஞாபகமிருக்கிறது.