புகைப்பவர் எண்ணிக்கை: ஒன்று

உலகத்திடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். மனைவியிடம் சொல்வதாக இல்லை.

உலகம் என் வீட்டு வாசலுக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. கையில் டேப்லெட், கழுத்தில் அடையாள அட்டை, பெயர் பிளாரன்ஸ். "செந்தூர்வேல் அண்ணாச்சி நீங்கதானே?" என்று கேட்டாள். முத்தையாபுரத்தில் என்னைத் தேடி வருகிறவர்கள் "முத்துச்செல்வி அக்கா வீட்டுக்காரரா?" என்றுதான் கேட்பார்கள். என் பெயரை ஒருத்தி முழுசாகச் சொன்னதில் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

வந்த விஷயத்தைச் சொன்னாள். பல நாடுகளில் ஒரே மாதிரிக் கேள்விகளை வைத்து நடத்துகிற ஆய்வாம். சிகரெட் பாக்கெட்டில் படம் போடுவது, வரி ஏற்றுவது, பொது இடத்தில் தடை விதிப்பது என்று அரசாங்கங்கள் செய்வதெல்லாம் ஜனங்களிடம் வேலை செய்கிறதா என்று பார்க்கிறார்களாம். இப்போது கேட்ட அதே ஆட்களிடம் அடுத்த வருஷமும் வந்து கேட்பார்களாம்.

"நீங்க சொல்லுதது எதுவும் வெளிய போவாது அண்ணாச்சி. பேர் இருக்காது. நம்பர்தான்."

"வீட்டுக்குள்ள?"

"வீட்டுக்குள்ளயும் போவாது."

அந்த இடத்தில்தான் முடிவு செய்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு நீண்ட இருமலின் முடிவில், சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று முத்துச்செல்வியிடம் அறிவித்திருந்தேன். அதற்குப் பிறகு நான் விட்டதெல்லாம் புகை மட்டும்தான். எனக்கு வேலை துறைமுகத்தில். கன்டெய்னர் எண்களைச் சரிபார்க்க வேண்டும். உள்ளே தீப்பெட்டிக்கே அனுமதி கிடையாது. ஆகவே பஸ் ஸ்டாப்பில் மாசானம் அண்ணாச்சி டீக்கடைதான் எனக்குச் சுதந்திர பூமி. தினம் ஐந்து. பிறகு வாடை போக ஒரு பிடி கொய்யா இலையை மென்றுவிட்டு வீட்டுக்குப் போவேன். கடைக்குப் பின்னால் நிற்கும் கொய்யா மரத்தில் என் கை எட்டும் உயரம்வரை இலையே கிடையாது. ஆடு தின்னுட்டுது என்று எல்லோரிடமும் சொல்லி மாசானம் என்னைக் காப்பாற்றி வந்தார்.

"அக்கா, அண்ணாச்சிகிட்டத் தனியாப் பேசணும்" என்றாள் பிளாரன்ஸ்.

"பேசு தாயி. எனக்கு மாடியில வத்தல் கெடக்கு" என்று முத்துச்செல்வி ஏறிப் போய்விட்டாள். இருபத்துநாலு வருஷத்தில் ஒரு பேச்சின் நடுவிலிருந்து அவள் தானாக எழுந்து போனதில்லை. நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டுவிட்டேன்.

"தினம் எத்தன அண்ணாச்சி?"

"அஞ்சு." குரலைத் தாழ்த்தவில்லை. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக ஒரு பெண்ணிடம் உண்மை பேசுகிறேன். நெஞ்சு லேசாகிவிட்டது.

"பாக்கெட்டுல இருக்க எச்சரிக்கைப் படத்தப் பார்த்திருக்கீயளா?"

"தினம் பாக்கேன். படத்துல உள்ளவன் இப்பம் சொந்தக்காரன் மாதிரி ஆயிட்டான்."

"அதப் பார்த்து விடணும்னு தோணுச்சா?"

"சொந்தக்காரனப் பார்த்து எவன் எதை விட்டிருக்கான்?"

"வெல ஏறுனதால கொறச்சீயளா?"

"வடையக் கொறச்சேன்."

அவள் சிரிக்காமல் திரையைத் தொட்டுக்கொண்டே போனாள். "சிகரெட்ட விடுத எண்ணம் இருக்கா? ஒரு மாசத்துக்குள்ளயா, ஆறு மாசத்துக்குள்ளயா, அதுக்குப் பொறவா, எண்ணமே இல்லையா?"

"எண்ணமே இல்ல. அழுத்திப் போடு."

"அழுத்திப் போட வழியில்ல அண்ணாச்சி. தொட்டாப் போதும்."

"அப்பம் ரெண்டு தடவ தொடு."

"ரெண்டாந்தடவ தொட்டா அழிஞ்சிரும்."

சரி, ஒரு தடவையே போதும் என்று விட்டுக்கொடுத்தேன்.

"வீட்டுக்குள்ள புகைக்கக் கூடாதுன்னு ஏதாவது விதி வச்சிருக்கீயளா?"

"இருக்கு. கூடவே கூடாது."

"யாரு போட்டது?"

இந்தக் கேள்விக்கு எந்த நாட்டு ஆணாவது உண்மை சொல்லியிருப்பானா என்று தெரியவில்லை. "நான்தான்" என்றேன்.

பிறகு ஒரு கேள்வி வந்தது. "மொதல்லருந்து வாழுததுக்கு ஒரு வாய்ப்புக் கெடச்சா, சிகரெட்டத் தொட்டிருப்பீயளா?"

எனக்குக் கப்பல் ஏணி ஞாபகம் வந்தது. கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் ஏணியில் ஏறும்போது இப்போதெல்லாம் பாதியில் நின்றுவிடுகிறேன். கீழே இருப்பவர்கள் பார்த்தால், கடலை ரசிக்கிற மாதிரி கொஞ்ச நேரம் முகத்தை வைத்துக்கொள்வேன். பதினெட்டு வருஷமாகப் பார்க்கிற கடல். அதில் ரசிக்க எனக்குப் புதிதாக ஒன்றுமில்லை.

"தொட்டிருக்க மாட்டேன்" என்றேன். அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டுவிட்டது.

எல்லாம் முடிந்ததும், வீட்டில் புகைக்காத ஒருவரிடமும் கேட்க வேண்டும் என்றாள். அப்படி ஒருவர்தான் இருந்தார். வத்தலோடு இறங்கி வந்தார். இப்போது நான் வெளியே போக வேண்டுமாம். நேராக மாசானம் கடைக்குப் போய் வெற்றிச் சிகரெட் ஒன்று பற்றவைத்தேன். திரும்பி வரும்போது இரண்டு பேரும் காபி குடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

பிளாரன்ஸ் போனபிறகு மெதுவாக ஆரம்பித்தேன். "என்னளா கேட்டா?"

"ரகசியம். வெளிய சொல்லக் கூடாதாம்."

"நான் வெளியாளா?"

"அந்த நேரத்துல வெளியதான இருந்தீய."

நான்கு நாள் தூக்கம் போயிற்று. கணவர் புகைப்பாரா என்று கேட்டிருப்பாளோ. இவள் இல்லை என்றிருப்பாள். நான் ஐந்து என்றிருக்கிறேன். ஒரே வீட்டிலிருந்து உலகத்துக்கு இரண்டு தகவல். வியாழக்கிழமை மதியம் சாளைமீன் குழம்பை ஊற்றும்போது பொறுமை போய்விட்டது.

"புருஷன் பொஞ்சாதிக்குள்ள என்னளா ரகசியம்?"

"அதானே" என்றாள். "அப்பம் நீங்க என்ன சொன்னீய?"

குழம்பைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன். எத்தனை நாள்தான் ஒரு ஆம்பிள கொய்யா இலையை நம்பி வாழ்வது?

"ஆமா, குடிக்கேன். தினம் அஞ்சு. விடுத எண்ணமே இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டேன். இப்பம் என்ன செய்யணும்ங்கே?"

இன்னொரு மீனை எடுத்து வைத்தாள். "ஏழு."

"என்னது?"

"அஞ்சு இல்ல. ஏழு. ஞாயித்துக்கெழம மட்டும் நாலு."

உங்களிடமும் ஐந்து என்றுதான் சொன்னேன். மன்னிக்க வேண்டும்.

"யாரு சொன்னா?"

"மாசானம் அண்ணாச்சி பொஞ்சாதி பேச்சி எங்க மகளிர் குழுவுலதான இருக்கா. ஆடு கொய்யா எல திங்குத கதையச் சொல்லி மூணு வருஷமா குழுவே சிரிச்சிட்டுக் கெடக்கு."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டா இல்லம்பீய. பொறவு அந்தப் பொய்யக் காப்பாத்த ரெண்டு கூடக் குடிப்பீய. உண்மை தானா வாயில வரட்டும்னு இருந்தேன். போன மாசம் ரெண்டு பேரு தெருத்தெருவா எழுதிட்டு வந்தாவ. வீட்டுல எத்தன பேரு, அதுல புகைக்கவுக எத்தன பேருன்னு கேட்டாவ. ஒருத்தருன்னேன். பேரு கேட்டாவ. சொன்னேன்."

உலகம் என் பெயரைத் தெரிந்துகொண்டு வந்தது இப்படித்தான். நான் ரகசியமாகச் சொன்னதை இவள் ஒரு மாதம் முன்பே பதிவு செய்து முடித்திருக்கிறாள்.

எனக்கு வந்த கோபத்தில் மீன் முள்ளைக்கூடப் பார்க்காமல் விழுங்கினேன். "நீ எழுதிக் குடுத்தா ஆச்சா? நாளையிலருந்து தொட மாட்டேன். அடுத்த வருஷம் அந்தப் பிள்ள வரட்டும். இந்த வீட்டுல புகைக்கவுக எவனுமில்லன்னு சொல்லுவேன். நீ சொன்னது தப்புன்னு ஆவட்டும்."

"உங்களால ஆவாது" என்று எழுந்து கை கழுவப் போனாள்.

அந்த ஒரு சொல் போதாதா? முதல் வாரம் ஒரே கன்டெய்னரை இரண்டு தடவை எண்ணினேன். இரண்டாம் வாரம் பஸ் கண்டக்டரிடம் சண்டை. வாய் நமநமக்கும்போதெல்லாம் உடன்குடிக் கருப்பட்டியைக் கடித்தேன். இடுப்பில் ஒரு சுற்றுக் கூடியது. மாசானம் ஒருநாள் ஓசியில் ஒன்று நீட்டினார். "உம்ம பொஞ்சாதிக்கிட்டச் சொல்லும், செந்தூர்வேல் வேண்டாம்னுட்டாருன்னு" என்றேன். பற்றவைக்க வேண்டும் என்று தோன்றியபோதெல்லாம் "உங்களால ஆவாது" என்ற குரல் கேட்டது. நெருப்புக்குப் பதில் கோபத்தைப் பற்றவைத்துக்கொண்டேன். ஏழாம் மாதம் ஒருநாள் கப்பல் ஏணியில் ஏறியபோது, மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் நடுவில் நிற்கவில்லை என்பது தெரிந்தது.

பிளாரன்ஸ் மறு வருஷம் வந்தாள். முத்துச்செல்வி முருங்கைக்கீரைத் தட்டோடு மாடிக்குக் கிளம்பினாள். நான் தடுத்தேன்.

"இங்கனயே இரு. ரகசியம் ஒண்ணுமில்ல. நல்லாக் கேளு."

உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள்.

"இப்பம் தினம் எத்தன அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்ல. பதினோரு மாசமாச்சு." முத்துச்செல்வி பக்கம் திரும்பிச் சொன்னேன். அவள் ஒரு பழுத்த இலையைக் கிள்ளி எறிந்தாள்.

"ரொம்பச் சந்தோசம். விட்டதுக்கு முக்கியமான காரணம் என்ன? எச்சரிக்கைப் படமா, வெலையா, டாக்டர் சொன்னதா, வீட்டுல உள்ளவுகளா?"

"எதுவுமில்ல. வீம்பு. வெறும் வீம்பு. அதப் போடு."

"வீம்புன்னு இதுல இல்லியே அண்ணாச்சி. யாரு மேல வீம்பு?"

"வேற யாரு மேல? இவ மேலதான்."

"அப்பம் 'வீட்டுல உள்ளவுக'" என்று தொட்டுவிட்டு, பிளாரன்ஸ் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.