பம்பைக்குக் கம்பளி போர்த்தினேன்

மைக் முன்னால் உட்கார்ந்துவிட்டால் எனக்கு மூளை நின்றுவிடும். வாய் மட்டும் தனியாக ஓடும். இதை நான் கண்டுபிடித்த அன்று சுற்றுவட்டாரத்தில் பத்து ஊர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

இரண்டாயிரத்துச் சொச்சம். திருக்கழுக்குன்றம் பக்கம் ஒரு கல்லூரியில் சமுதாய வானொலி தொடங்கியிருந்தார்கள். நான் பயிற்சி அறிவிப்பாளன். கல்பாக்கத்தில் டெக்னீஷியனாக இருந்த அப்பா, "பேசறதெல்லாம் ஒரு வேலையாடா?" என்பார். ஆனாலும் என் நிகழ்ச்சி வரும் நாளில் டிரான்சிஸ்டரை ஜன்னலோரம் வைத்து ஏரியலை நீட்டிவிட்டு உட்காருவார் (ரசிக்க அல்ல, பிழை பிடிக்க).

பயிற்சியின் கடைசி வாரம், அம்மன் கோயில்களில் அடிக்கும் பம்பை மேளக் குழு ஒன்றை நேரலையில் வாசிக்கவைக்கலாம் என்று நானே போய் யோசனை சொன்னேன். நன்றாக நடந்தால் வேலை நிரந்தரம் என்றார் நிலையப் பொறுப்பாளர். ஒலி அளவைக் காட்டும் மீட்டர் முள் மட்டும் சிவப்புக்குப் போகக் கூடாதாம்.

குழுத் தலைவர் ஏழுமலை அண்ணன் பம்பை, உடுக்கை, சிலம்புடன் இரண்டு பேரை அழைத்து வந்தார். எங்கள் ஸ்டுடியோ குளியலறையைவிடக் கொஞ்சம் பெரியது. சோதனைக்கு ஒரே ஒரு தட்டு தட்டினார். முள் சிவப்பின் கடைசியில் போய் ஒட்டிக்கொண்டது. நான் விடுதிக்கு ஓடி ஒரு கம்பளியைக் கொண்டுவந்து பம்பையைப் போர்த்தினேன்.

அவர் பம்பையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இன்னா தம்பி, இதுக்கு ஜொரமா?"

"ரேடியோவுக்கு மெதுவா வாசிக்கணும்ணா."

"மெதுவா அடிச்சா ஆத்தா எப்டி வரும்?"

"ஆத்தா வர வேணாம்ணா. பதினோரு மணிக்குப் பல் டாக்டர் பேச வராரு."

நேரலை தொடங்கியது. பக்கத்து வீட்டில் யாரோ தலையணையைத் தட்டுவதுபோல ஐந்து நிமிடம் போனது. ஏழுமலை அண்ணனுக்குத் தாங்கவில்லை. அம்மனை வர்ணித்துப் பாடிக்கொண்டே முழங்கையால் கம்பளியைத் தள்ளிவிட்டார். அடுத்த அடியில் கண்ணாடி அதிர்ந்தது. அந்த நேரம் பார்த்துத் தேநீருடன் உள்ளே வந்தார் கேன்டீன் செல்வி அக்கா. தட்டு கீழே விழுந்தது. கூந்தல் அவிழ்ந்தது. அக்காவுக்குச் சாமி வந்துவிட்டது.

ஒரு கணம் எல்லாம் நின்றுபோனது. வானொலியில் மௌனம் பெருங்குற்றம். நான் மைக்கை நீட்டினேன். வாயிலிருந்து வந்தது, தினமும் தொலைபேசி நேயர்களிடம் கேட்கும் கேள்வி.

"வணக்கம், உங்க பேரு என்ன? எங்கிருந்து பேசறீங்க?"

"நான் யார்னு தெர்ல ஒனக்கு?"

"ரொம்ப சந்தோஷம்மா. என்ன பாட்டு வேணும்?"

ஏழுமலை அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

"பாட்டு வோணாம்டா. ஆடிக்கு ஆடி எனக்குக் கூழு ஊத்து. ஊத்துவியா?"

"வீட்ல எல்லாருமே ஊத்தறோம்மா. தொடர்ந்து இணைந்திருங்கள்."

பம்பை மறுபடி முழங்கியது. சாமி மலையேறும்வரை நிறுத்தக் கூடாதாம். பதினொன்று இருபத்தைந்துக்குத்தான் ஏறியது. அதுவரை பல் டாக்டர் வெளியே, மாதிரிப் பல்செட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கைகூப்பி நின்றார்.

"நான் இன்னா தம்பி பேசினேன்?" என்று செல்வி அக்கா பிறகு என்னிடமே கேட்டார். நான் குனிந்து தேநீர்த் தட்டை எடுத்துக் கொடுத்தேன்.

பம்பை மறுபடி வேண்டும் என்று நேயர்கள் விடாமல் கேட்டார்கள். ஏழுமலை அண்ணனுக்கு வாராவாரம் நிகழ்ச்சி கிடைத்தது. எனக்கு, வாழ்த்துகளுடன் விடுதலை கிடைத்தது.

வீட்டுக்குப் போனால் அம்மா டிரான்சிஸ்டருக்குக் குங்குமம் வைத்திருந்தார்.

"வாக்கு குடுத்தவன் அவன். அவன் ஊத்தட்டும்" என்றார் அப்பா.

"வீட்ல எல்லாரும்னு சொல்லியிருக்கான். பத்து ஊர் கேட்டிருக்கு" என்றார் அம்மா.

அதோடு பேச்சு முடிந்தது. இன்றுவரை ஒவ்வொரு ஆடியிலும் ஏழுமலை அண்ணன் ஊரில் கூழ் ஊற்றுகிறோம். அப்பாவுக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. ஆனால் கூழில் கட்டி விழுந்தால் பொறுக்காது என்பதால் துடுப்பை யாரிடமும் கொடுக்கமாட்டார். எங்கள் வீட்டில் அதற்குக் கூழ் ஊற்றுதல் என்று பெயரில்லை. கல்யாணமாகி வந்த முதல் ஆடியிலேயே என் மனைவி, கொஞ்சமும் சிரிக்காமல் அம்மாவிடம் கேட்டாள்:

"அத்தை, நேயர் விருப்பத்துக்கு எத்தனை கிலோ கேழ்வரகு ஊறவைக்கணும்?"