‘ஹேப்பிலி’யும் வாசலைத் தாண்டிப் போன மாப்பிள்ளை வீட்டாரும்

திருவண்ணாமலை,
செங்கம் ரோடு,
16-6-1999

ஆரணி, மதிப்பிற்குரிய திரு. பரசுராமன் அவர்களுக்கு, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்ற ராஜமாணிக்கம் வணக்கத்துடன் எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் இங்கே நானும் என் மனைவி சந்திரகலாவும் மகள் தென்றலும் நலம். அங்கே தாங்களும் தங்கள் துணைவியாரும் மாப்பிள்ளை பிரகாஷும் (அவசரப்பட்டு மாப்பிள்ளை என்று எழுதிவிட்டேன், தம்பி பிரகாஷும் என்று படித்துக்கொள்ளவும்) நலமாகவும், முக்கியமாகக் கால் வீக்கம் வடிந்தும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பெண் பார்க்க வந்துவிட்டுப் போனபின் தங்களிடமிருந்து ஒரு வரி வரவில்லை. தரகர் கண்ணாயிரம் நேற்று வந்தார். "ஆரணில பேச்சு மூச்சே காணோம் சார். ஆரம்பமே இப்படி ஆயிட்டா யாருக்குத்தான் மனசு வரும்? சகுனம்னு ஒண்ணு இருக்குதில்ல?" என்றார். இது அவங்க சொன்னதா, நீர் சொல்றதா என்று கேட்டால் விட்டத்தைப் பார்க்கிறார்.  தென்றல் அன்றைக்குக் கட்டிய பட்டுப்புடவையை இன்னும் பீரோவில் வைக்காமல் நாற்காலி மேலேயே போட்டிருக்கிறாள்.  அதனால்தான் மானத்தை விட்டு எழுதுகிறேன்.

ஐயா, நாள் பார்த்தவன் நான். முழுக் குற்றவாளியும் நான்தான். பௌர்ணமியைவிட நல்ல நாள் ஏது, அண்ணாமலையாரே வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிற நாளாயிற்றே என்று ரொம்ப சாமர்த்தியமாகக் குறித்துக் கொடுத்தேன். கிரிவலம் போகிற பாதையிலேயே வீட்டைக் கட்டிக்கொண்டு இருக்கிறேன், ஆனால் லட்சம் பேர் அதே நாளை நல்ல நாள் என்று நினைப்பார்கள் என்கிற யோசனை மட்டும் எனக்கு வரவில்லை. "ஏங்க, பௌர்ணமியில பஸ்ஸே உள்ள வுட மாட்டான், அவங்க எப்படிங்க வருவாங்க?" என்று சந்திரகலா கேட்கத்தான் கேட்டாள். "உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா கெட"ன்னு சொல்லிட்டேன். அப்புறம் என்ன, அன்று சாயங்காலம் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள், தாங்கள் பழத்தட்டும் பூத்தட்டுமாக நடந்து வந்து கூட்டத்தில் மாட்டிக்கொண்டீர்கள். நான் கேட் கம்பிமேல் ஏறி நின்று துண்டை ஆட்டினேன். தாங்களும் என்னைப் பார்த்தீர்கள். "ஐயா, இந்தப் பக்கம், இந்தப் பக்கம்!"னு கத்தறேன், கூட்டம் மொத்தமும் "அரோகரா!"ன்னு கத்துது. அப்படியே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். கொஞ்ச தூரம் தள்ளித் தாங்கள் திரும்பப் பார்த்ததும், "வலம் ஆரம்பிச்சுட்டு பாதியில திரும்பக் கூடாதுங்க, சுத்தி முடிச்சுட்டே போவலாம்"னு தங்கள் துணைவியார் சொன்னார்களாம். அவர்கள் சொன்னது நியாயம், இந்த ஊர்க்காரன் எவனும் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டான். ஆனால் அது முழு மலையாயிற்றே ஐயா! செருப்பில்லாத காலோடு, ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் தூக்கிக்கொண்டு!

இங்கே என் வீட்டுக் கதையைக் கேளுங்கள். கேசரி அண்டாவையும் பஜ்ஜித் தட்டையும் வராந்தாவில் வைத்துவிட்டுத் தங்களுக்காகக் காத்திருந்தோம். பட்டுப்புடவையில் ஒரு பெண், பக்கத்தில் ஒரு அண்டா. அன்னதானம் என்று நினைத்து ஒரு பெரியவர் கையை நீட்டினார். இல்லை என்று சொல்ல முடியுமா? தென்றல் ஒரு கரண்டி வைத்தாள். அவ்வளவுதான், அவர் பின்னால் க்யூ நின்றுவிட்டது. கேசரி தீர்ந்தது, பஜ்ஜி தீர்ந்தது, சந்திரகலா உப்புமா கிளற ஆரம்பித்தாள், ரவை தீர்ந்ததும் எதிர்வீட்டில் வாங்கிக் கிளறினாள். காலையில் பால் வருகிற நேரத்துக்குத் தாங்கள் சுற்றி முடித்து வந்து சேர்ந்தபோது, தென்றல் தூக்கக் கலக்கத்தில் தம்பி பிரகாஷின் கையிலும் ஒரு கரண்டி உப்புமாவை வைத்து, "நகருங்க, பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க" என்றாள். இதுதான் ஐயா எங்கள் வீட்டுப் பெண் பார்க்கும் படலம். தாங்கள் ஒரு வாய் காபி குடித்துவிட்டு, உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டு, எழுந்து போய்விட்டீர்கள்.

மாடியில் குடியிருக்கும் ஹில்டா அம்மா இங்கிலாந்தில் அகராதி ஆபீஸில் வேலை பார்த்தவர், இப்போது ஆசிரமத்துக்காக இங்கே வந்து தங்கியிருக்கிறார். அன்று எல்லாவற்றையும் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் நேற்று சாயங்காலம் இறங்கி வந்து, "ஹேப்பிலி, அவர்கள் வாசலைத் தாண்டிப் போனார்கள்" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. ஆங்கில வாத்தியார் ஐயா நான், எனக்கா தெரியாது? மகிழ்ச்சியாக என்று அர்த்தம், இதிலே மகிழ்ச்சி எங்கே வந்தது என்று கேட்டேன். அந்த அம்மா தலையணை கனத்தில் ஒரு அகராதியைக் கொண்டுவந்து பிரித்தார். அந்தச் சொல் பிறந்த காலத்தில் அதற்கு மகிழ்ச்சியும் கிடையாது, ஒன்றும் கிடையாதாம். தற்செயலாக, ஒருவேளை, அவ்வளவுதான் அர்த்தம். ஏதோ ஒன்று வந்து விழுந்தது, நல்லதா கெட்டதா என்று அது சொல்லவில்லை. அப்புறம் ஜனங்கள் புழங்கிப் புழங்கி, நல்லவேளையாக என்று ஆனதாம். மனம் நிறைந்து என்பதெல்லாம் அதற்கும் பிறகாம். "ஒரு சொல் சந்தோஷத்துக்கு வந்து சேரவே நூற்றாண்டுக் கணக்காகியிருக்கிறது, நீங்கள் இரண்டு வாரத்தில் பதறுகிறீர்களே" என்று சிரிக்கிறார். எனக்கு ராத்திரியெல்லாம் இதே யோசனை. நம்ம அதிர்ஷ்டம் மட்டும் என்ன? கண்ணுக்குத் தெரியாதது என்றுதானே அதற்கு முதல் அர்த்தம். நாமாகப் பார்த்துத்தானே அதை நல்லதாக்கி வைத்துக்கொண்டோம்.

அதையேதான் தங்களிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். அன்று நடந்தது கெட்ட சகுனம் என்று எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை. ஏதோ நடந்தது, நல்லதாக்குவது இனி நம் கையில். என் முட்டாள்தனத்துக்கு என் மகளைத் தண்டித்துவிடாதீர்கள். ரொம்ப நல்ல பொண்ணுங்க ஐயா. ஊர் பேர் தெரியாத ஜனங்களுக்கு விடிய விடிய முகம் சுளிக்காம பரிமாறினவ, உங்க வீட்டுக்கு வந்தா எப்படி இருப்பான்னு நீங்களே யோசிச்சுக்குங்க. தங்கள் துணைவியாருக்கு எங்கள் நமஸ்காரம். தம்பி பிரகாஷ் தீர்க்காயுசாக இருக்க எங்கள் ஆசி, பதில் எதுவானாலும் அந்த ஆசியில் கம்மி இருக்காது.

இப்படிக்கு,
தங்கள் பதிலையே எதிர்பார்க்கும்
ராஜமாணிக்கம்

பி.கு.: உறையில் பசை தடவும்போது வாசலில் ஆட்டோ நின்றது. தாங்கள்தான், குடும்பத்தோடு. நான் வாயைத் திறப்பதற்குள் தாங்கள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "பொண்ணு வீட்டு வாசல மிதிக்காம தாண்டிப் போயிட்டோங்க, அவமானப்படுத்திட்டோம்னு நெனச்சுட்டீங்களோன்னு வூட்ல ஒருத்தருக்கும் சோறு எறங்கல. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு எழுதறதுன்னுதான் நேர்லயே வந்துட்டோம். எங்களுக்குத் தென்றல்தாங்க மருமவ" என்கிறீர்கள். சகுனம் என்று தாங்கள் சொல்லவே இல்லையாம், கண்ணாயிரத்தை அப்புறம் கவனித்துக்கொள்கிறேன். பேனாவை மூடி வைத்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே வந்தவன், தங்களைக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டுத் தங்களுக்கே எழுதிக்கொண்டிருக்கிறேன். வெளியே வந்தால் எல்லோர் எதிரிலும் அழுதுவிடுவேன் போலிருக்கிறது. ஒரு நிமிஷம் பொறுங்க, முகத்தைக் கழுவிட்டு வந்துடறேன், சம்பந்தி.