பாட்டிலுக்குத் தைத்த உறை

குழாய்த் தண்ணீரில் அலசிய எட்டு வெள்ளைச் சட்டைகளும் வெளிர் மஞ்சளாகக் கொடியில் தொங்கின. தையல்காரி அதில் ஒன்றை உருவிக்கொண்டு மாடி ஏறினாள்.

"சார், டேங்க்கைக் கழுவணும். பாப்பாவுக்கு இந்த மாசம் மூணாவது தடவை வயித்துப்போக்கு."

வீட்டுக்காரர் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இரும்புச்சத்தும்மா. சும்மா கிடைக்குது, குடிங்க."

"அப்ப நீங்க ஏன் சார் குடிக்கறதில்ல?"

"எங்க வீட்ல ஃபில்டர் இருக்கு. வாங்கி ஆறு வருஷம் ஆச்சு. ஒரு தடவைகூடக் கழட்டிப் பாத்ததில்ல, அப்படி ஒரு மெஷின்."

கீழே வந்தவள் குழாய் வாயில் துணியை நாலாக மடித்துக் கட்டினாள். பத்து நிமிடத்தில் வண்டல் சேர்ந்து துணி பலூன் மாதிரி உப்பியது. அதைப் பிய்த்துக்கொண்டு சீறிய தண்ணீர், எதிரே இருந்த தையல் மெஷினைக் குளிப்பாட்டியது. மோட்டார் இருமிவிட்டு அடங்கியது; அன்றிலிருந்து காலால் மிதித்துத்தான் தைத்தாள்.

அடுத்த நாளிலிருந்து தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். பாப்பா ஒரு வாய் குடித்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டது. "புகை நாத்தம்."

"நீ தைக்கிற வேலையைப் பாரும்மா," என்றாள் மாமியார். "பாப்பாவைத் தண்ணி குடிக்க வைக்கறது என் பொறுப்பு."

சொன்ன மாதிரியே பாப்பா தம்ளர் தம்ளராகக் குடித்தது. நாலாவது தடவையாக வயிறும் போனது.

"கொதிக்க வச்சுத்தானே குடுக்கறீங்க?" என்று டாக்டர் கேட்டபோது, தையல்காரிக்கு அழுகைக்குப் பதில் கோபம் வந்தது. கொதிக்க வைத்தும் சாகாத கிருமியா? அந்த டேங்க்கில் என்னதான் கிடக்கிறது?

நேரே பரிசோதனைக்கூடத்துக்குப் போய்ச் சுத்தம் செய்த பாட்டில் ஒன்றை வாங்கி வந்தாள். குழாயை இரண்டு நிமிடம் திறந்துவிட்டுப் பிடிக்க வேண்டும், வாயில் விரல் படக்கூடாது, வெயில் படக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வெயிலுக்காகக் கறுப்புத் துணியில் பாட்டிலுக்கு ஓர் உறையே தைத்தாள். தண்ணீரைப் பிடித்து, உறை மாட்டி, அடுப்படி அலமாரியில் வைத்தாள். தெருமுனைக் கடையில் தைத்த துணிகளைக் கொடுத்துவிட்டு வந்து, அதை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வாசல் கேட்டில் வீட்டுக்காரர் மறித்தார்.

"பையில என்னம்மா?"

"உங்க டேங்க் தண்ணி. பரிசோதனைக்கு."

அவர் முகம் சிவந்தது. "நல்ல தண்ணின்னு முடிவு வந்தா இந்த மாசமே வீட்டைக் காலி பண்ணணும்."

"கெட்டதுன்னு வந்தா?"

"நானே டேங்க்ல இறங்கித் தேய்க்கறேன்."

"பேச்சு மாறக்கூடாது சார்."

பரிசோதனைக்கூடத்து ஆள் உறையைக் கழற்றி, பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தான். "தெளிவாத்தானே இருக்கு?"

அவள் பாட்டிலைப் பிடுங்கிப் பார்த்தாள். சட்டையையே மஞ்சளாக்கிய தண்ணீர் இப்போது பார்த்துத்தானா தெளிய வேண்டும்?

"தெளிவா இருந்தா கிருமி இருக்காதா?"

"அப்படிச் சொல்ல முடியாது."

"அப்ப உள்ள கொண்டுபோய்ப் பாருங்க."

மூன்று நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. பந்தயத்தைப் பற்றி வீட்டில் யாரிடமும் மூச்சுவிடவுமில்லை. நாலாம் நாள் முடிவு வந்தது. மலக்கிருமிகள் ஏராளம், குடிக்கவே கூடாது.

தாளை மேல்வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். வீட்டுக்காரர் இரண்டு முறை படித்தார். பேச்சு மாற வழி தேடினார். படிக்கட்டு நிறைய ஆட்கள் நின்றார்கள். கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு டேங்க்குக்குள் இறங்கினார்.

இரண்டு மணி நேரம் கழித்துத் தலையெல்லாம் சேறாக வெளியே வந்தார். அவர் மனைவி தங்கள் ஃபில்டரிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் நீட்டினாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு சொம்பு வாங்கிக்கொண்டார்.

"போதுமாம்மா? ஒத்துக்கறேன். நீ குடுத்த பாட்டில் தண்ணி விஷம்தான்."

கூட்டத்தில் நின்ற மாமியாருக்கு இது பொறுக்கவில்லை.

"எது விஷம்? அந்தக் கலங்கல் தண்ணியை ஊரார் கையில குடுத்தா நம்ம மானம் என்னாகும்னு, அதைக் கொட்டிட்டு, பாப்பாவுக்குத் தினமும் உங்க வீட்டு ஃபில்டர்ல புடிச்சுட்டுப் போற தண்ணியைத்தானே நான் பாட்டில்ல ஊத்தி வச்சேன்?"