வெங்காயமும் ஒப்பீட்டு அறிக்கையும்

பெரம்பலூரில் உழவர் நவீனமய ஊக்குவிப்புப் பிரிவு என்று ஓர் ஆபீஸ் இருந்தது. அங்கே ஒரு விதி. எதை வாங்குவதானாலும் இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும், அது குண்டூசியாக இருந்தாலும் சரி. நல்ல விதிதான். அதைக் கண்ணும் கருத்துமாகக் காத்துவந்தவர் உதவி இயக்குநர் பஞ்சநாதன்.

வேப்பந்தட்டைப் பக்கம் சின்ன வெங்காயம் போட்ட பெண்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். தலைவி அம்சவள்ளி. அந்த வருடம் விளைச்சல் அமோகம், அதனால் விலை படுத்துவிட்டது. வாங்க வந்த வியாபாரிகள் வெங்காயத்தைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்து விலை சொன்னார்கள். பெண்கள் கோபித்துக்கொண்டு, காற்றோட்டமாக உயர்த்திக் கட்டிய பட்டறையில் வெங்காயத்தை ஏற்றிவிட்டுக் காத்திருந்தார்கள். பட்டறையில் வெங்காயம் கொஞ்ச காலம் தாங்கும். அதற்கப்புறம் நாற ஆரம்பிக்கும்.

அம்சவள்ளி பஸ் ஏறிப் பெரம்பலூர் வந்தார்.

"சார், எப்ப விக்கிறது, யாருக்கு விக்கிறது, இந்த ரெண்டும்தான் எங்களுக்குப் புரியல. இதுக்கெல்லாம் இப்ப கம்ப்யூட்டர்ல ஏதேதோ வந்துடுச்சாமே. எங்க குழுவுக்கு ஒண்ணு வாங்கிக் குடுங்க."

"தங்கள் கோரிக்கை கனிவுடன் பரிசீலிக்கப்படும்" என்றார் பஞ்சநாதன். ஆபீஸ் அறிவிப்பு என்றால் அவருக்குப் பேச்சும் எழுத்து நடையில்தான் வரும்.

விளம்பரம் போனது. இரண்டு பேர் வந்தார்கள்.

முதல் ஆள் ஏலாக்குறிச்சி லியோ பிரபு. இன்ஜினியரிங் முடித்தவன். இயந்திரக் கற்றல் தளம் ஒன்றைச் செய்து வைத்திருந்தான். பழைய விலை, மழை, சந்தைக்கு வந்த வரத்து எல்லாவற்றையும் அதற்குக் கொடுத்தால், அதுவே பார்த்துப் பழகி, இனி விலை எப்படிப் போகும் என்று சொல்லும்.

இரண்டாம் ஆள் அரியலூர் ராஜேஷ். சித்திரை வெயிலில் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தவன். அவனுடையது டிராப்ஷிப்பிங் செயலி. கையில் சரக்கு வைத்துக்கொள்ளாமலே இணையத்தில் கடை போடலாம். ஆர்டர் வந்ததும் சரக்கு வைத்திருப்பவருக்குத் தள்ளிவிட்டால், அவர் நேராக வாங்கினவர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

பஞ்சநாதன் இரண்டையும் கேட்டுவிட்டு, "ஆக, போட்டிக்கு இரண்டு பொருட்கள் வந்துள்ளன. ஒப்பிடலாம்" என்றார்.

லியோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சார், இது ரெண்டும் வேற வேற வேலை செய்யுது. எப்படி ஒப்பிடுறது?"

"தம்பி, வேற வேறயா இருந்தாத்தான் ஒப்பிட முடியும். ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா ஒப்பிட என்ன இருக்கு?"

லியோ தன் மடிக்கணினியைத் திறந்து வைத்தான்.

ஒப்பீடு தொடங்கியது.

"உங்க இயந்திரம் கற்குதுன்னு சொன்னீங்க. எதுவரைக்கும் படிச்சிருக்கு?"

"அப்படியில்ல சார். அது படிச்சுக்கிட்டே இருக்கும்."

"இன்னும் முடிக்கல" என்று பஞ்சநாதன் மதிப்பெண்ணைக் குறைத்தார். பிறகு ராஜேஷைப் பார்த்தார். "உங்கள்ட்ட சரக்கு இருக்காது?"

"இருக்காதுங்க."

"வந்ததை இன்னொருத்தருக்குத் தள்ளிவிட்டுடுவீங்க?"

"ஆமாங்க. நாம கையே வைக்க வேணாம்."

பஞ்சநாதன் நாற்காலியில் சாய்ந்தார். அவர் முகம் மலர்ந்தது. "மனு வருது. நாம வச்சுக்கிறதில்ல. அடுத்த ஆபீசுக்கு அனுப்பிடறோம். அப்ப இத்தனை வருசமா நான் பண்ணிக்கிட்டிருக்கறது டிராப்ஷிப்பிங்தானா!"

ராஜேஷுக்கு மதிப்பெண் ஏறியது. ஆனாலும் லியோ விடவில்லை. மாதிரிக்கு என்று தன் தளத்தை அங்கேயே ஓட்டிக் காட்டினான். வடக்கேயிருந்து வெங்காயம் வரப்போகிறது, விலை இன்னும் இறங்கும், இந்த வாரமே விற்றுவிட வேண்டும் என்று அது சொன்னது.

"சார், அப்ப நாங்க இப்பவே வித்துடட்டுமா?" என்றார் ஒப்பீட்டைப் பார்க்க வந்திருந்த அம்சவள்ளி.

"கூடாதும்மா. ஒப்பீடு முடியறதுக்கு முன்னாடி அது பேச்சைக் கேட்டா, நாம ஒரு பக்கம் சாஞ்சுட்டோம்னு ஆயிடும்."

"பட்டறையில கீழ் அடுக்கு அழுகுது சார்."

"அதுவே ஒரு சிக்கல்தான். டிராப்ஷிப்பிங்ல கையில சரக்கு இருக்கக் கூடாது. உங்ககிட்ட வெங்காயம் இருக்கறவரைக்கும் நீங்க இந்தத் திட்டத்துக்குத் தகுதியில்லாதவங்க. முதல்ல அதை ஒழிச்சிட்டு வாங்க. அப்புறம் வெங்காயம் விக்க வழி பண்ணலாம்."

அம்சவள்ளிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். பின்னாலேயே இரண்டு பேரும் வந்தார்கள். ராஜேஷ் கோட்டைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டான்.

"அக்கா, எப்ப விக்கிறதுன்னு இவனோடது சொல்லிடுச்சு. யாருக்கு விக்கிறதுன்னு என்னோடது சொல்லும். ஒண்ணோட ஒண்ணு சண்டை போட இதுல என்ன இருக்கு?"

அந்த வாரமே ராஜேஷ் குழுவுக்காக இணையத்தில் கடையைத் திறந்தான். அரியலூர் சிமெண்ட் ஆலைக் குடியிருப்புகளிலிருந்தும் திருச்சியிலிருந்தும் ஆர்டர் வந்தது. பெண்கள் அழுகியதைக் கழித்து, நல்லதைச் சாக்கில் கட்டி மினி லாரியில் ஏற்றினார்கள். பட்டறை காலியானது. அடுத்த வாரம் வடக்கு லாரிகள் வந்து இறங்கின, விலை இன்னும் சரிந்தது. அம்சவள்ளி அன்றைக்குக் கறிக்குழம்பு வைத்தார்.

ஆபீசில் ஒப்பீடு தொடர்ந்தது. கடைசியில் இரண்டும் சமமான மதிப்பெண் பெற்றதால் எதையும் வாங்க இயலவில்லை என்று முடிவானது. இவ்வளவு நுணுக்கமாக ஒப்பிட்டதற்காகப் பஞ்சநாதனுக்குப் பாராட்டுக் கேடயம் கொடுத்தார்கள்.

குழு வளர்ந்தது. பக்கத்து ஊர்ப் பெண்களும் சேர்ந்தார்கள். வேப்பந்தட்டையில் வாடகைக்கு ஓர் அறை பிடித்து, போர்டு மாட்டினார்கள். சாக்கை நிறுக்க ஓர் எலக்ட்ரானிக் தராசு வேண்டும் என்று பேச்சு வந்தது. கடைக்காரர் ஒரு தராசைக் கொண்டுவந்து வைத்தார்.

அம்சவள்ளி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஒண்ண மட்டும் பாத்து வாங்கினா நாளைக்கு நாலு பேரு கேக்க மாட்டாங்களா? ஒப்பிட இன்னொண்ணு வேணும்ல?"

கடைக்காரரிடம் வேறு தராசு இல்லை. ஒரு சுழல் நாற்காலி இருந்தது. அதைக் கொண்டுவந்தார்.

குழு கூடி விவாதித்தது. தராசுக்குக் கரண்டு வேண்டும், நாற்காலிக்கு வேண்டாம். தராசில் சாக்கைத்தான் வைக்கலாம், நாற்காலியில் தலைவியே உட்காரலாம். கைதூக்கச் சொன்னபோது எல்லாக் கையும் உயர்ந்தது. நாற்காலி வென்றது.

மறுவாரம், குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த அமிர்தவல்லி தன் வெங்காயச் சாக்கைத் தலையில் சுமந்துகொண்டு வந்து வாசலில் நின்றாள்.

"அக்கா, இதை எங்க நிறுக்கிறது?"

"தராசு விஷயம் பரிசீலனையில இருக்கு. செத்த உக்காரு" என்றார் அம்சவள்ளி.

அமிர்தவல்லி சுற்றும்முற்றும் பார்த்தாள். உட்கார அறையில் ஒரே நாற்காலிதான் இருந்தது. அதில் தலைவி மெல்லச் சுழன்றுகொண்டிருந்தார்.