ஆறுமுகம் நான்கு முறை உள்ளே போன நாள்

முதல் தவறோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது. நான் அதைத் திருத்தப் போனேன்.

திருவொற்றியூரில் ஓர் இரும்புக் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். மூன்று மேசை, எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு நல்ல கணினி. எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டுக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். வாசலில் டிரெய்லர்கள் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கும். 'உங்கள் முறை வந்துவிட்டது' என்று ஒவ்வொரு டிரைவருக்கும் வரிசையாகக் குறுஞ்செய்தி போக வேண்டும். அதைக் காட்டினால்தான் வாட்ச்மேன் கேட்டைத் திறப்பார்.

வேலைக்குச் சேர்ந்த பதினோராம் நாள் அதை நான் எழுதினேன். ஒருவருக்கு அனுப்பியதும் எண்ணில் ஒன்று கூட்டி அடுத்தவருக்குப் போகும் ஒரு லூப். அந்த ஒன்றைக் கூட்ட 'ஐ பிளஸ் பிளஸ்' என்று ஒரே வரி. கல்லூரியில் முதல் வாரப் பாடம். (முதல் வாரம் நான் கேரம் ஆடப் போயிருந்தேன்.) கூட்டும் வரியை எழுத மறந்துவிட்டேன். பட்டியலில் முதல் பெயர் ஆறுமுகம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, அவருக்கு மட்டும், முறை வந்துகொண்டே இருந்தது.

நண்பகலில் வாட்ச்மேன் போன் செய்தார். "இன்னா சார் நடக்குது? அந்த ஆளு பெட்டிய எறக்கிட்டுப் போயி அடுத்த பெட்டியோட வந்துகினே கீறாரு. இது நாலாவது தபா. மத்தவன்லாம் லைன்ல குந்திகினு கீறான்."

எழுதும் ஒவ்வொரு மாற்றத்தையும் படிப்படியாகச் சேமித்துவைக்கும் 'கிட்' எங்களிடம் இருந்தது. கடைசி மாற்றத்தை நீக்குவது எப்படி என்று இணையத்தில் தேடி, முதல் பதிலில் இருந்த கட்டளையை அப்படியே தட்டினேன். கீழே இருந்த எச்சரிக்கையைப் பிறகு படித்தேன். (பிறகு என்றால் மறுநாள்.) செய்தி நிற்கவில்லை. இன்னொரு படி பின்னால் போனேன். நிற்கவில்லை. இன்னொன்று. ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்தாமல் அதன் கோப்புகளை மட்டும் அழிக்கிறேன் என்பது எனக்குத் தெரியாது. இருபது படி போனதும், எதிர் மேசை ஜெசிந்தா அக்கா மூன்று வாரமாக எழுதிய வேலை முழுவதும் காணோம். மூன்று மணிக்கு அதை யார்டு முதலாளியிடம் அவர் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஒப்பந்தம் போய்விடும். வேறு பிரதி கிடையாது.

சொன்னேன். அக்கா கத்தவில்லை. "தள்ளு, பேஜாரு" என்றார். இரண்டு விசைகளை அழுத்தி, ஓடிக்கொண்டிருந்த நிரலை நிறுத்தினார். பிறகு ஒரு கட்டளை அடித்தார். திரையில் ஒரு பட்டியல் இறங்கியது: நான் பின்னால் வைத்த இருபது அடியும், ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண்ணோடு. நான் அழித்ததைக்கூட அது எழுதி வைத்திருந்தது. முதல் அடிக்கு முந்தைய எண்ணை அக்கா கொடுத்தார். மூன்று வார வேலையும் ஒரு நொடியில் திரும்பி வந்தது. சந்நிதியில் திரை விலகும்போது நிற்பதுபோல நின்றேன்.

"இன்னாடா அப்டி பாக்குற? இது எதையும் மறக்காது. நானும்தான்."

மூன்று மணிக்கு முதலாளி தலையாட்டினார். ஐந்து மணிக்கு ஆறுமுகம் மாடியேறி வந்தார். அடி விழும் என்று நாற்காலியை விட்டு எழுந்தேன். அவர் கையில் பர்மாக் கடை அத்தோ நூடுல்ஸ் பொட்டலம்.

"பதினாறு வருசமா அந்த லைன்ல நிக்கிறேன் நைனா. இன்னிக்கு நாலு தபா, ராஜா கணக்கா உள்ள போனேன். எழுதுன கை எது?"

என் திருமணத்துக்கு அவரை அழைத்திருந்தேன். மேடையேறிப் படம் எடுத்துக்கொண்டு இறங்கியவர், மறுபடி வரிசையின் முனையில் வந்து நின்றார். பிறகு மறுபடி. ஆல்பத்தில் அவருக்கு நான்கு படங்கள். புரட்டுகிறவர்கள் எல்லோரும், "இவரு மாப்பிள்ளைக்குப் பெரியப்பாவா?" என்று கேட்கிறார்கள்.

"இல்ல," என்கிறாள் என் மனைவி. "அது இவரு கூட்ட மறந்த ஒண்ணு."